ஓடிபி வரவில்லை, பணம் மட்டும் போய்விட்டது: கார்டு மோசடியை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

காரைக்குடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யாராவது வேகமாகப் படியேறினால், ஆதார் நகல் எடுக்க வரவில்லை என்று தெரிந்துவிடும். வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம் தம்பி" என்பார்கள். பணம் போனது ஒரு வருத்தம் என்றால், ஏமாந்துவிட்டோம் என்று ஊர் பேசுமே என்பது அதைவிடப் பெரிய வருத்தம். அந்தக் கூச்சத்திலேயே இரண்டு மூன்று நாள் ஓடிவிடுகிறது. கார்டு மோசடியில் அந்த நாட்களுக்குத்தான் விலை அதிகம். இத்தனைக்கும் பாதிப் பேர் ஏமாறவே இல்லை. அவர்கள் எப்போதோ பொருள் வாங்கிய ஏதோ ஒரு கடையின் கம்ப்யூட்டர்தான் ஏமாந்திருக்கும்.

அதனால் நான் முதலில் கேட்பது, "ஓடிபி வந்ததா? வந்திருந்தால் யாரிடமாவது சொன்னீர்களா, எங்காவது போட்டீர்களா?" பதிலைப் பொறுத்து வழி பிரியும். உங்கள் அறிகுறி கீழே எதுவோ அங்கே போய்ப் படியுங்கள்.

ஓடிபி வரவே இல்லை, டாலரில் பணம் போயிருக்கிறது

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். விடிகாலையில் எழுந்து போனைப் பார்த்தால் மூன்று குறுஞ்செய்தி. இரவு 2.14, 2.16, 2.17. மூன்றும் டாலர். கடையின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "நான் தூங்கிட்டுல்ல இருந்தேன், யாருக்கு நம்பரைச் சொல்றது?" என்றார். சரியாகத்தான் கேட்டார்.

இந்தியக் கடைகளில் கார்டு எண்ணைப் போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று பொதுவாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் அது இல்லை. கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி, இவ்வளவு போதும். சிவிவியைக் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் கட்டளை. அப்படியானால் திருடனுக்கு அது எப்படிக் கிடைக்கிறது? அவன் கடையின் பெட்டகத்தை உடைப்பதில்லை. பணம் கட்டும் பக்கத்திலேயே கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரலை ஒளித்து வைக்கிறான். நீங்கள் தட்டத் தட்ட எண்கள் கடைக்கும் போகும், அவனுக்கும் போகும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் நடந்தது இதுதான். ஒளித்து வைத்த நிரல் 22 வரிதான். லட்சக்கணக்கான பேரின் கார்டு விவரம் போனது. 2020இல் அந்த நிறுவனத்துக்கு பிரிட்டனின் தகவல் ஆணையர் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தது, எல்லாம் இருந்தது. வாடிக்கையாளர் மேல் ஒரு தப்பும் கிடையாது.

அதற்கும் முன்னால், 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் திருடு போயின. திருடர்கள் உள்ளே போனது, குளிர்சாதன வேலை பார்க்கும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த நுழைவுரிமையைத் திருடி. நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். முகப்புக் கதவுக்குத் தேக்கும் பித்தளைக் குமிழும் போட்டு, பின்கட்டுச் சாவியைச் சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டால் அந்தக் கதவால் என்ன பயன்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. வரிசை முக்கியம்.

முதலில் வங்கியின் செயலியைத் திறந்து 'வெளிநாட்டுப் பயன்பாடு' என்ற சுவிட்சை அணையுங்கள். போன் பேசி ஆள் கிடைப்பதற்குள் நாலாவது செலவும் வந்துவிடும், அதனால்தான் இது முதலில். 2020இல் வந்த விதிப்படி, புதுக் கார்டில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் அணைந்தேதான் வர வேண்டும், நாம் கேட்டால்தான் திறக்கும். ஆச்சியின் கார்டில் திறந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், அம்மா ஆன்லைனில் மருந்து வாங்கட்டும் என்று எல்லாச் சுவிட்சையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான்.

அடுத்து கார்டையே முடக்குங்கள். அதற்கப்புறம் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு அழையுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு அழைக்கவே அழைக்காதீர்கள். அங்கே போலி எண்களைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்தவர் இரண்டாவது முறை பறிகொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

போனில் சொன்னதோடு விடாமல் வங்கிக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஆச்சிக்கு நான் தட்டிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

"இன்ன எண்ணில் முடியும் என் கார்டில் இன்று அதிகாலை 2.14, 2.16, 2.17 மணிக்கு நடந்த மூன்று செலவுகளையும் நான் செய்யவில்லை. எனக்கு ஓடிபி வரவில்லை. எண்ணையோ சிவிவியையோ யாரிடமும் சொல்லவில்லை. கார்டு என் கையில்தான் இருக்கிறது. 5.50க்குத் தொலைபேசியில் புகார் செய்து இன்ன எண் பெற்றிருக்கிறேன். தொகையை 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி திருப்பி வரவு வைக்கவும்."

"கார்டு என் கையில்தான் இருக்கிறது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கார்டைத் தொலைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார் என்ற பேச்சுக்கு அது இடமே கொடுக்காது.

நேரத்தை ஆச்சி மனசிலிருந்து சொல்லவில்லை. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. பால் கணக்குக்குக் கீழே 2.14, 2.16, 2.17 என்று எழுதி, பக்கத்தில் 5.50 என்றும் புகார் எண்ணும் இருந்தன. ஐந்தொகை போட்டுப் பழகிய வீடு. எனக்கு வேலை மிச்சம்.

பிறகு 1930க்கு அழையுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். 1930 என்பது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் இந்தியாவுக்குள் ஏதோ கணக்குக்குப் போயிருந்தால், கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க இதில் வாய்ப்பு இருக்கிறது. டாலரில் போன செலவுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் பதிவு எண் கையில் இருந்தால் வங்கியிடம் பேசுவது சுலபம்.

இப்போது நாள் கணக்கு. தப்பு வங்கி மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியின் செய்தி வந்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு ஒரு பைசா பொறுப்பில்லை. செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கிளையின் விடுமுறையும் சேராது. வியாழன் இரவு செய்தி வந்தால் வெள்ளி ஒன்று. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமையாக இருந்தால் அதையும் ஞாயிறையும் தள்ளி, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000 ரூபாய். போன தொகை அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகைதான். ஏழு நாளும் தாண்டினால் வங்கி தன் கொள்கைப்படி முடிவெடுக்கும். அது எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இடையில் பில் வந்தால் நீங்கள் செய்த செலவுகளை வழக்கம்போலக் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்தப் பில்லையும் கட்டாமல் விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு வட்டி தனியாக ஏறியது.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போயிருக்கிறது

"ரெண்டு ரூபாதானே" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். திருட்டு எண்களை மொத்தமாக வாங்கியவன், எது உயிரோடு இருக்கிறது என்று சின்னத் தொகை போட்டுப் பார்ப்பான். போனால் அடுத்தது பெரிய தொகை. நெல் மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பது மாதிரி.

ஆனால் நீங்களே அன்று ஏதாவது செயலியில் கார்டைச் சேர்த்திருந்தால், அது சரிபார்ப்பதற்காக இரண்டு ரூபாய் எடுத்துத் திருப்பித் தருவதும் வழக்கம். அன்றைக்குச் சேர்த்தீர்களா என்று யோசியுங்கள். இல்லை என்றால் மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். தொகை சின்னது என்பதற்காக ஒரு படியையும் குறைக்க வேண்டாம்.

பில்லில் தெரியாத பெயர்

பதறுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். கடையின் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பில்லில் அதன் கம்பெனிப் பெயரோ பணம் வாங்கித்தரும் இடைநிறுவனத்தின் பெயரோ வரும். தேதியை வைத்து அன்று என்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். அடுத்தது வீட்டுக்குள் விசாரியுங்கள். பேரன் கேமில் வாங்கியது, மாதாமாதம் தானே கழியும் சந்தா. சந்தாவாக இருந்தால் 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து செய்தி வந்திருக்க வேண்டும், பழைய குறுஞ்செய்திகளில் தேடுங்கள். நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. அசல் கார்டு வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் மகன் பெயரில் இருக்கும், கூடுதல் கார்டு அம்மா கையில் இருக்கும். அம்மா வாங்கியதற்கு மகன் பதறுவார், மகன் வாங்கியதற்கு அம்மா என்னிடம் ஓடி வருவார்.

கேட்காமலே ஓடிபி வந்துகொண்டே இருக்கிறது

இது நல்ல செய்தி என்றுகூடச் சொல்வேன். எண் வெளியே போய்விட்டது, ஆனால் கதவு இன்னும் திறக்கவில்லை. கார்டை முடக்கி மாற்றுக் கார்டு கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் "வங்கியிலிருந்து பேசுகிறோம், அந்தச் செலவை ரத்து செய்ய ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வரும். ரத்து செய்ய ஓடிபி கேட்கும் வங்கி எதுவும் கிடையாது.

ஓடிபி வர வேண்டிய நேரத்தில் வராமல், போனில் சிக்னலும் மணிக்கணக்கில் இல்லையென்றால் கதை வேறு. உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டு போனிலிருந்து முதலில் வங்கிக்கு, அப்புறம் சிம் கம்பெனிக்கு.

போனில் பேசியவனுக்கு என் ஆர்டர் அத்தனையும் தெரிகிறது

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை. ஆன்லைனில் கண்டாங்கி ஒன்று வாங்கியிருந்தார். மறுநாள் ஒருவன் அழைத்து, "அரக்கு உடம்பு, மஞ்சள் கரை, ஆயிரத்து எண்ணூறு ரூபாய், சரிதானே மேடம்? கதவு எண் தப்பா இருக்கு, திருத்த அஞ்சு ரூபா கட்டணும், லிங்க் அனுப்புறேன்" என்றிருக்கிறான். சேலையின் கரை வரைக்கும் சொல்கிறானே, கடைக்காரன்தான் என்று நம்பிவிட்டார். அந்த லிங்கில் கார்டு எண்ணைப் போட்டார், ஓடிபியையும் போட்டார். போனது ஐந்து ரூபாய் இல்லை.

தகவல் கசிவு என்றால் கார்டு எண் போவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெயர், போன் எண், முகவரி, ஆர்டர் விவரம் போவதுதான் அதிகத் தொல்லை. கார்டை மாற்றிவிடலாம், வீட்டை மாற்ற முடியுமா? 2020இல் ஆன்லைன் மளிகைக் கடையான பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் விவரம் வெளியே போனதாகச் செய்தி வந்தது. அதில் கார்டு எண் இல்லை. மின்னஞ்சல், போன் எண், முகவரி, நேராகப் படிக்க முடியாதபடி உருமாற்றிய கடவுச்சொல் இருந்தன. இப்படிப்பட்ட பட்டியல் கையில் இருக்கிறவனுக்கு உங்களை நம்பவைக்க ஒரு நிமிஷம் போதும்.

அழைத்தவன் விவரம் சரியாகச் சொன்னான் என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனை வைத்துவிட்டுக் கடையின் செயலியில் உங்கள் ஆர்டரைத் திறந்து பாருங்கள். முகவரிச் சிக்கல் உண்மையென்றால் அங்கேயே தெரியும். வங்கி என்று சொல்லிக்கொண்டு பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து வந்தால் எடுக்கவே வேண்டாம். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

லிங்குக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு வந்து, அதை நிறுவியும் விட்டீர்களா? போனை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். அந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளை அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், இனி வரும் ஓடிபி உட்பட. வங்கிக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். முக்கியமான படங்களை எடுத்து வைத்துவிட்டு போனைத் தொழிற்சாலை நிலைக்கு அழித்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி.

கடையே "உங்கள் தகவல் கசிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறது

மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடாமல் கடையின் தளத்துக்கு நீங்களாகப் போய்ப் பாருங்கள். கசிவுச் செய்தி மாதிரியே போலி மின்னஞ்சலும் வரும். உண்மையென்றால், எது கசிந்தது என்று படியுங்கள். கடவுச்சொல் என்றால், அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். பேத்தி பெயரும் பிறந்த வருஷமும் சேர்த்து எல்லா இடத்துக்கும் ஒரே சாவி போடுவது நம் வழக்கம். ஒரு கடையில் கிடைத்த சாவியை அவன் நூறு கடையில் போட்டுப் பார்ப்பான். நீங்கள் போடாத ஆர்டர் உங்கள் கணக்கில் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கார்டு எண்ணைப் பொறுத்தவரை இந்தியக் கடைகள் பற்றி ஓர் ஆறுதல். 2022 அக்டோபர் 1 முதல் அவை கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் 'டோக்கன்' ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அது திருடு போனாலும் வேறு கடையில் செல்லாது. வெளிநாட்டுக் கடை என்றால் கார்டை மாற்றிவிடுங்கள். பான் எண் கசிந்திருந்தால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்து, நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

"நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள்" என்று வங்கி கைவிரிக்கிறது

கொடுத்தது உண்மையென்றால், புகார் செய்யும் வரை போன பணத்தின் நஷ்டம் உங்களுடையது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் புகார் செய்த பிறகு போனதெல்லாம் வங்கியின் பொறுப்பு. தேவகோட்டை ஆசிரியைக்கு இரண்டு தவணையாகப் பணம் போனது. இரண்டாவது போனது, அவர் வங்கிக்குச் சொல்லிப் பதினோரு நிமிஷம் கழித்து. அந்தத் தொகை திரும்ப வந்தது, முதல் தொகை வரவில்லை.

கொடுக்கவே இல்லையென்றால் விடாதீர்கள். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது, உங்களுடையதல்ல. இந்த வரியும் அந்த 2017 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. கிளையில் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று வாய்வார்த்தை சொன்னால் எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம். விவரம் கேட்க 14448.

கானாடுகாத்தான் ஆச்சிக்குக் குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டியிருக்கவில்லை. எட்டாவது வேலை நாளில் வரவு வந்தது. நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிவிட்டு, "டாலர் மாத்துன கூலியும் சேர்த்துத் திருப்பிட்டானா பாரு" என்றார். பார்த்தேன், அது விட்டுப்போயிருந்தது. இன்னொரு மின்னஞ்சல் எழுதினோம்.

நீங்கள் விற்கிறவர் என்றால்

இங்கே முறுக்கும் மாவுருண்டையும் கொட்டானும் பழம்பொருளும் ஆன்லைனில் விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு அறிகுறி வேறு. பத்து நிமிஷத்தில் நாற்பது ஆர்டர், எல்லாம் இருப்பதிலேயே மலிவான பொட்டலம், முக்கால்வாசி தோல்வி என்று வந்தால், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று நினைக்காதீர்கள். எவனோ உங்கள் கடையில் திருட்டுக் கார்டுகளைச் சோதிக்கிறான். பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு உடனே சொல்லி, வெளிநாட்டுக் கார்டுகளையும் அடுத்தடுத்த முயற்சிகளையும் தடுக்கச் சொல்லுங்கள். ஜெயித்த ஆர்டர்களை அனுப்பாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் நாலு மாதம் கழித்துக்கூட மறுப்புத் தெரிவிக்கலாம். அப்போது பொருளும் போயிருக்கும், பணமும் போகும், அபராதமும் சேரும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு வந்தது பெரிய ஆர்டர். எனாமல் தூக்குச்சட்டி இருபது. விலை குறைத்துக் கேட்கவே இல்லை. அதுவே அவருக்கு முதல் சந்தேகம், அந்தத் தெருவில் பேரம் பேசாத ஆளை அவர் பார்த்ததே இல்லை. இரண்டாவது, "எங்கள் சரக்குக்காரர் வந்து எடுத்துக்கொள்வார், அவருடைய கூலியையும் சேர்த்து என் கார்டில் எடுத்துக்கொண்டு அதை நீங்கள் அவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று வந்த செய்தி. கார்டு திருட்டுக் கார்டு, சரக்குக்காரரும் அவனே. கூலியாக அனுப்பும் பணம்தான் அவனுக்கு வேண்டியது. தூக்குச்சட்டி அவன் கண்ணில் படவே போவதில்லை. நண்பர், பணத்தை வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்லிப் பதில் போட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இருபது தூக்குச்சட்டியும் கடை வாசலில் கம்பியில் தொங்குகின்றன. வருகிறவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்.